கட்டும் அவிழ்ப்பும்: கால்நடை மருத்துவத்தில் கயிற்றின் வரலாறு

முன்னுரை

நோயுற்ற மனிதன் தன் நோயை மருத்துவரிடம் எடுத்துரைக்கிறான்; ஊசி குத்துங்கால் வலியைப் பொறுத்துக் கையை நீட்டுகிறான். மாட்டிற்கு இவ்விரண்டும் இயலா. தன்னைக் காக்க வந்த கையையும் தாக்க வந்த கையையும் அது வேறுபடுத்தி அறிவதில்லை. ஆதலின் கால்நடை மருத்துவத்தில் நோயறிதலுக்கு முற்பட்ட செயலொன்று உண்டு. அது விலங்கை அசையாது நிறுத்துதல். நிறுத்தும் முறை பிழைப்பின் மருத்துவர் உதைபடுவார், மாடு காலொடியும், மருந்து உடலுள் செல்லாது வீணாகும்.

கால்நடை மருத்துவ வரலாறுகள் மருந்துகளையும் நிறுவனங்களையும் விரிவாகப் பேசுகின்றன. மாட்டைப் பிடித்து நிறுத்திய கையையும் அக்கையிலிருந்த கயிற்றையும் அவை பெரும்பாலும் பேசுவதில்லை. அவ்வறிவு ஆயரிடமும் உழவரிடமும் பால் கறப்போரிடமும் லாடம் கட்டுவோரிடமும் இருந்தது. ஏட்டில் ஏறாது சொற்களில் தங்கியது. அச்சொற்களைச் சான்றாகக் கொண்டு, தமிழரும் மலையாளிகளும் கால்நடைகளை அடக்கிப் பேணிய முறையின் வரலாற்றை வரைய இக்கட்டுரை முற்படுகிறது. கொச்சியை அடுத்த களமசேரி முதலிய பெரியாற்றங்கரைப் பகுதிகளை 2018-ஆம் ஆண்டு மூழ்கடித்த வெள்ளம் எழுப்பிய வினா இதற்குத் தூண்டுகோலாகும். அடக்குதல் என்பது கட்டுவதோடு முடிகிறதா, அவிழ்ப்பதையும் உள்ளடக்கியதா என்பதே அவ்வினா.

சங்க நூல்களில் தாம்பும் தறியும்

பத்துப்பாட்டில் மாடு கட்டும் கயிறு 'தாம்பு' எனப்படுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஆட்டிடையர் குடிலின் முன்றிலில் 'நெடுந்தாம்பு' பிணைத்த 'குறுந்தறி' காட்டப்படுகிறது. அந்நூலிலேயே கன்றுகளைக் கட்டுவதற்குரிய 'கவைத்தாம்பு' என்னும் கிளைத்த கயிறும் இடம்பெறுகிறது. கயிறு நெடிது, தறி குறிது என்னும் இவ்வடைமொழிகளை வெறும் அழகாகக் கொள்ளுதல் பொருந்தாது. தறி குறுகியிருப்பின் விலங்கு இழுக்கும் விசை தறியின் அடியில் விழும். தறி எளிதில் பெயராது. கயிறு நீண்டிருப்பின் விலங்கு படுக்கவும் எழவும் இயலும். ஒரு தாம்பு கவைத்துப் பிரிந்தால் பல கன்றுகளை ஒரே இடத்தில் பிணைக்கலாம். புலவர் கண்டது அன்றாடக் காட்சி. அக்காட்சிக்குள் இருப்பது தொழிலறிவு.

நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் மாலைப்பொழுதில் 'சிறுதாம்பு' கொண்டு பிணிக்கப்பட்ட கன்று தாயை நினைந்து வருந்துகிறது. குளிரால் நடுங்கி நிற்கும் ஆய்மகள், கோவலர் ஓட்டிவரத் தாயர் இப்பொழுதே வந்துவிடுவர் என்று அதற்கு ஆறுதல் கூறுகிறாள். தலைவன் மீள்வான் என்பதற்கு இச்சொல் நற்சொல்லாகக் கொள்ளப்படுவதைத் தமிழறிஞர் அறிவர். கட்டுண்ட விலங்கின் துயரைக் கட்டியவரே உணர்ந்து பேசுவதும், கட்டு சிறுபொழுதிற்கே உரியது என்னும் உறுதி அப்பேச்சில் அமைந்திருப்பதும் இவண் நோக்கத்தக்கன. பிற்காலத்தில் மதுரகவியாழ்வாரின் 'கண்ணிநுண் சிறுத்தாம்பு' என்னும் பதிகப் பெயரிலும் இக்கயிறே அமைந்தது. அசோதை கண்ணனைக் கட்டிய கயிறாக அது பத்தி மரபில் நிலைபெற்றது.

கலித்தொகையின் முல்லைக்கலி (101–117) காளையைக் கையால் தழுவி அடக்குவதைப் பாடுகிறது. ஏறுதழுவுதலின் நோக்கம் வீரத்தை மெய்ப்பித்தல். மருத்துவத்திற்காக அடக்குதலின் நோக்கம் இரு தரப்பிற்கும் ஊறு நேராமை. இரண்டும் ஒன்றல்ல. எனினும் அக்கலிப்பாக்களில் ஏறுகள் அடைக்கப்பெற்ற இடத்தைக் குறிக்கும் 'தொழூஉ' என்னும் சொல் இவ்வாய்விற்கு இன்றியமையாதது. தமிழில் தொழு, தொழுவம் என்றும் மலையாளத்தில் 'தொழுத்து' என்றும் அது இன்றும் வழங்குகிறது. களமசேரியில் ஒரு வீட்டின் பின்புறத்தில் கறவை மாடு நிற்கும் கொட்டகையைச் சுட்டும் சொல்லுக்கும் கலித்தொகைச் சொல்லுக்கும் வேர் ஒன்றே. குற்றவாளிகளின் காலை மாட்டிவைக்கும் மரச்சட்டத்தையும் தமிழர் 'தொழுமரம்' என்றனர். அடைக்கும் இடம், அசையாது நிறுத்தும் மரம் ஆகிய இருபொருளையும் ஒரு சொல் தாங்கியது பின்னர்ப் பயன்படும்.

கயிற்றுச் சொற்களின் படிநிலை

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனிலும் வழக்காற்றிலும் உள்ள கயிற்றுச் சொற்களைத் தொழிற்பாட்டின் அடிப்படையில் தொகுத்து நோக்கினால் நான்கு படிகள் புலனாகின்றன.

முதற்படி பிடித்தல். தலைக்கயிறு, பிடிகயிறு, மூக்கணாங்கயிறு ஆகியன இதற்குரியவை. மூக்கின் இருதுளைகளுக்கு இடைப்பட்ட சுவர் நரம்பு செறிந்தது. சிறு இழுப்பிற்கும் மாடு பணிவது அதனால்தான். முன்பக்கத்து மென்தசையில் துளையிடாமல் உட்பக்கக் குருத்தெலும்பில் துளையிட்டால் புண் ஆறாது வருத்தும். மூக்கணாங்கயிற்றையே தறியில் கட்டிவிட்டால் மாடு மிரளுங்கால் மூக்குக் கிழியும். எனவே மூக்கணாங்கயிறு கையில் இருத்தற்குரியது. தறியில் கட்டுதற்குரியது தலைக்கயிறு அல்லது கழுத்துக்கயிறு.

இரண்டாம் படி நிறுத்தல். தாம்பு, தும்பு, பல மாடுகளைப் பிணைக்கும் தாமணி, நிலத்தில் அறையும் முளை, கட்டுத்தறி ஆகியன இவ்வகையின.

மூன்றாம் படி உறுப்பினைத் தடுத்தல். கால்களைப் பிணிக்கும் தளை, ஓட்டத்தைத் தடுக்கக் கழுத்தில் தொங்கவிடும் தொண்டுக்கட்டை, பால் கறக்குங்கால் பின்னங்கால்களைக் கட்டும் அணைகயிறு ஆகியவற்றை இதில் அடக்கலாம். 'அணை' என்னும் வினை தழுவுதலையும் கட்டுதலையும் ஒருங்கே உணர்த்துவது கருதத்தக்கது.

நான்காம் படி வீழ்த்தல். லாடம் கட்டவும் காயடிக்கவும் எருதினைக் கயிற்றால் சாய்த்துக் கிடத்துவர். எருதின் குளம்பு பிளவுபட்டதாதலின் ஒரு காலுக்கு இரண்டாக நான்கு கால்களுக்கும் எட்டு லாடத் தகடுகள் வேண்டும். அத்தனையும் அடித்து முடியும்வரை எருது அமைதியாகக் கிடத்தல் வேண்டும். சாய்ப்பவர், தலையை அழுத்திப் பிடிப்பவர், லாடம் அடிப்பவர் எனப் பலர் இசைந்து செய்யும் தொழில் இது.

இப்படிகளைக் கடந்து முதற்கண் நிற்பது பழக்கம். நாள்தோறும் தீனி வைப்பவரின் குரலுக்கும் மணத்திற்கும் மாடு கட்டுப்படுகிறது. கன்றை முன்னே நிறுத்தினால் தாய் அமைதியுறுகிறது. பழக்கத்தால் முடிவதற்குக் கயிறு வேண்டா. பிடிகயிற்றால் முடிவதற்குத் தளை வேண்டா. தளையால் முடிவதற்கு வீழ்த்துதல் வேண்டா. தேவைக்கு மிகாத கட்டு என்னும் இந்நெறியை எந்நூலும் சூத்திரமாக யாத்து வைக்கவில்லை. சொற்களின் பாகுபாடே அதனைக் காட்டுகிறது.

இச்சொற்கள் தொழுவத்தைக் கடந்தும் பரவின. திருமணத்தைக் 'கால்கட்டு' என்பது பேச்சுவழக்கு. யாப்பருங்கலக்காரிகை கூறும் செய்யுள் உறுப்புகளுள் ஒன்று 'தளை'. சீரும் சீரும் பிணையும் பிணைப்பிற்கு விலங்கின் காற்கட்டைக் குறிக்கும் சொல்லே பெயராயிற்று.

மாட்டு வாகடமும் எழுதப்படாத பகுதியும்

விலங்கு மருத்துவம் இந்நிலத்திற்குப் புதிதன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வெட்டப்பெற்ற அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவ ஏற்பாடு செய்யப்பட்டதைக் கூறுகிறது. அவ்வேற்பாடு சென்ற நாடுகளாகச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோருடைய நாடுகளையும் அது சுட்டுகிறது. பிற்காலத்தில் மாட்டு வாகடம் என்னும் பெயரில் ஓலைச்சுவடிகள் தோன்றின. அவற்றுட் சில அச்சேறின. நோய்க்குறி, மூலிகை, சூடு போடும் இடம் முதலியவற்றை வாகட நூல்கள் விரித்துரைக்கின்றன. மாட்டைப் பிடிக்கும் முறை அவற்றின் தனிப்பொருளாக அமையவில்லை. அது யாவரும் அறிந்தது என்று கருதப்பட்டமையே இதற்குக் காரணம் எனலாம்.

மருந்து புகட்டுதலை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மூங்கிற் குழாயில் மருந்தை நிரப்பி மாட்டின் கடைவாயில் வைத்து ஊற்றுவது மரபு. தலையை அளவிற்கு மீறித் தூக்கினாலோ நாவை இழுத்துப் பிடித்தாலோ மருந்து மூச்சுக்குழலில் இறங்கும். நுரையீரல் அழற்சி கண்டு மாடு இறக்கும். மருந்து சரியாக இருந்தும் பிடி தவறினால் விளைவது இது. வாகடம் எழுதியவர் மருந்தின் அளவைப் பதிவு செய்தார். தலை தூக்கும் அளவு பிடித்தவரின் கையிலேயே இருந்து அவரோடு மறைந்தது.

கல்லூரியும் பாடநூலும்

1762-இல் பிரான்சின் லியோன் நகரில் முதற் கால்நடை மருத்துவப் பள்ளி தோன்றியது. இந்தியாவில் ஆங்கிலேயர் வளர்த்த இத்துறை தொடக்கத்தில் படைக்குதிரைகளையே முதன்மையாகக் கருதியது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கப்பெற்றது. 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப்படிப்பைத் தந்தது. கேரளத்தில் திருச்சூரை அடுத்த மண்ணுத்தியில் 1955-இல் கல்லூரி தோன்றியது.

கல்லூரிகளின் வழி அடக்கும் முறைகள் பாடமாயின, பெயர்களும் மாறின. மாட்டை வீழ்த்துவதற்கு ரூஃப் முறை, பர்லி முறை என்பன கற்பிக்கப்பட்டன. முன்னதில் கயிற்றைக் கழுத்திலோ கொம்பிலோ கட்டி, மார்பைச் சுற்றி ஒரு கண்ணியும் மடிக்கு முன்னே வயிற்றைச் சுற்றி மற்றொரு கண்ணியும் இட்டுப் பின்னோக்கி இழுப்பர். மாடு மெல்ல மடிந்து படுக்கும். பின்னதில் கயிற்றின் நடுப்பகுதியைக் கழுத்தில் இட்டு, இரு முனைகளையும் முன்னங்கால்களிடையே செலுத்தி, முதுகின் மேல் குறுக்கிட்டுப் பின்னங்கால்களிடையே வெளிக்கொணர்வர். மடியையும் மார்பையும் இது மிகுதியாக அழுத்துவதில்லை. வீழ்த்தும் நிலம் மென்மையாக இருத்தல் வேண்டும் என்றும், நெடுநேரம் பக்கவாட்டில் கிடந்தால் வயிறு உப்பும் என்பதால் பணி முடிந்தவுடன் மாட்டை நெஞ்சு ஊன்றி நிமிர்த்துதல் வேண்டும் என்றும் பாடநூல்கள் வலியுறுத்துகின்றன.

பின்னங்கால் உதையைத் தடுக்கக் கணுமூட்டிற்கு மேலே எட்டு வடிவில் கயிறு சுற்றுவதை இந்தியப் பாடநூல்கள் பால்காரர் கயிறு என்று ஆங்கிலத்தில் குறிக்கின்றன. இது அணைகயிறே. அயற்பெயர் பூண்ட முறைகளுக்கிடையே இந்நாட்டுப் பால் கறப்போரின் கைமுறை பாடமாக ஏற்கப்பட்டமைக்கு இதுவே தெளிவான சான்று. முறை ஏற்கப்பட்டது, அணைகயிறு என்னும் சொல் ஏற்கப்படவில்லை.

ஐரோப்பிய லாடக் கொட்டகைகளில் குதிரையையும் எருதையும் நிறுத்தப் பயன்பட்ட மரச்சட்டம் இங்கு 'டிராவிஸ்' என்னும் பெயரோடு கால்நடை மருந்தகங்களில் இடம்பெற்றது. நான்கு தூண்களும் குறுக்குச் சட்டங்களும் கொண்ட இவ்வமைப்பிற்குத் தொழுமரம் என்னும் பழஞ்சொல் பொருந்தும். மருத்துவர் மாட்டின் நேர்பின்னே நிற்க நேரும் சினை ஆய்விற்கும் செயற்கைக் கருவூட்டலுக்கும் இச்சட்டம் பெருந்துணை. மாட்டின் கண்கள் பக்கவாட்டில் அமைந்துள்ளமையால் அதன் பார்வைக்கு எட்டாத இடம் நேர்பின்புறமே. அங்கிருந்து ஓசையின்றி அணுகுவோர் உதைபடுவர். தோள்பக்கமாகக் குரல் கொடுத்து அணுகுவோர் தப்புவர். பால் கறப்போர் மாட்டின் விலாவைத் தட்டிக்கொடுத்து அமர்வது இவ்வறிவின் வெளிப்பாடு. அமெரிக்க அறிஞர் டெம்பிள் கிராண்டின் மாட்டின் பார்வையையும் அச்சத்தையும் ஆராய்ந்து வளைந்த நடைவழிகளை வடிவமைத்தமை, இதே அறிவை அறிவியல் முறையில் நிறுவியதாகும்.

1962-இல் சைலசின் என்னும் மயக்கமருந்து உருவாக்கப்பெற்ற பின்னரும் கயிற்றின் தேவை நீங்கவில்லை. குதிரைக்குத் தரும் அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே மாட்டிற்குப் போதும். அந்த ஊசியைப் போடுவதற்கும் முதலில் மாட்டைப் பிடித்தாக வேண்டும்.

வெக்கை நோய் ஒழிப்பும் பெயரறியாக் கைகளும்

தமிழில் வெக்கை என்றும் மலையாளத்தில் காலிவசந்த என்றும் வழங்கிய கொள்ளைநோய் நூற்றாண்டுகளாக மந்தைகளை அழித்தது. இந்நோயை ஆராய ஆங்கில அரசு அமைத்த குழு 1871-இல் அறிக்கை அளித்தது. முக்தேசுவர் ஆய்வகத்தில் ஜே.டி. எட்வர்ட்ஸ் 1927-இல் ஆடுகளின் வழிப் பெற்ற தடுப்பு மருந்தை உருவாக்கினார். பின்னர் வால்டர் பிளவ்ரைட் ஆப்பிரிக்காவில் திசு வளர்ப்புத் தடுப்பு மருந்தைக் கண்டார். இந்தியாவில் 1954-இல் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது; 1995-க்குப் பின் நோய் தோன்றவில்லை. 2011-இல் உலகினின்றே அது ஒழிந்ததாக அறிவிக்கப்பெற்றது. மனிதர் முற்றாக ஒழித்த நோய்கள் இரண்டு; பெரியம்மைக்கு அடுத்தது இதுவே.

இவ்வெற்றியை ஆய்வகத்தின் வெற்றி என்று மட்டும் கூறுதல் முழுமையாகாது. தடுப்பூசி மாட்டிற்கு மாடு தனித்தனியே போடப்பட்டது. ஒவ்வோர் ஊசிக்கும் ஒரு பிடி தேவைப்பட்டது. ஊர்ப் பொதுவிடத்திலும் மரத்தடியிலும் தொழுவத்திலும் தலைக்கயிற்றைப் பற்றி நின்றவர் மாட்டுக்காரரும் அவர் வீட்டுப் பெண்டிரும் சிறாருமே. போடப்பட்ட ஊசிகள் கணக்கில் ஏறின. பிடித்த கைகள் ஏறவில்லை. 2019-இல் தொடங்கப்பெற்ற கோமாரி, கருச்சிதைவு நோய்த் தடுப்புத் திட்டமும் அக்கைகளையே நம்பியுள்ளது.

களமசேரி: அவிழ்க்கும் அறிவு

களமசேரி இன்று தொழிற்கூடங்களும் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அமைந்த நகராட்சி. அதை அடுத்த ஏலூரில் 1947-இல் உரத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. மேய்ச்சல் நிலம் குறைந்த இத்தகைய புறநகர்களில் மாடு பெரும்பாலும் வீட்டுத் தொழுத்திலேயே கட்டுண்டு வாழ்கிறது. மாட்டின் இனமும் மாறியது. 1963-இல் மூணாற்றை அடுத்த மாட்டுப்பெட்டியில் இந்திய–சுவிசுத் திட்டம் தொடங்கிய பின் கலப்பினம் பரவியது. இன்று கேரள மாடுகளில் மிகப் பெரும்பான்மை கலப்பினமே. 1989-இல் சோசம்மா ஐப்பும் மாணவர்களும் தேடிக் கண்டு காத்த வெச்சூர்ப் பசுவின் உயரம் ஏறத்தாழ 90 செ.மீ. அதனை ஒருவர் கையால் தழுவி நிறுத்தலாம். அதன் எடையினும் பன்மடங்கு கூடிய கலப்பினப் பசுவைக் கயிறும் சட்டமும் இன்றி நிறுத்தல் அரிது. மாடு பெரிதாயிற்று, பிடிக்கத் தெரிந்தோர் அருகினர். ஆகவே கட்டு இறுகியது. கட்டிவைக்கும் நேரமும் நீண்டது.

2018 ஆகஸ்டு 9-ஆம் நாள் இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணை 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டது. அடுத்த வாரத்தில் பெரியாறு ஆலுவா, ஏலூர், களமசேரிப் பகுதிகளில் புகுந்தது. நெடும்பாசேரி வானூர்தி நிலையம் ஆகஸ்டு 15 முதல் இரு வாரங்கள் மூடிக்கிடந்தது. கொல்லம் ஆண்டு 1099-இன் வெள்ளம், அதாவது 1924-ஆம் ஆண்டு வெள்ளம், மீண்டும் நினைவுகூரப்பட்டது. மக்கள் உயிர்தப்பி வெளியேறிய வேகத்தில் கேரளத்தின் பல இடங்களில் மாடுகள் தொழுத்தில் கட்டியபடியே விடப்பட்டன. அவிழ்த்து விடப்பட்ட மாடுகளுள் பல நீந்தி மேட்டை அடைந்தன. கயிற்றில் நின்றவை நின்ற இடத்திலேயே மாண்டன. நாள்தோறும் மாட்டைக் காத்த கயிறு அன்று அதனைக் கொன்றது.

நனைந்து இறுகிய முடிச்சு கையால் அவிழாது. எனவேதான் கால்நடை மருத்துவப் பாடத்தின் முதல் விதிகளுள் ஒன்று, ஒரு முனையை இழுத்த அளவில் அவிழும் முடிச்சையே இடுதல் வேண்டும் என்பது. கழுத்தில் உருவாஞ்சுருக்கு இடலாகாது என்பது மற்றொன்று. விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் (1960) அளவிற்கு மீறிக் குறுகிய கயிற்றில் நெடுநேரம் கட்டிவைப்பதைக் குற்றமாக்குகிறது.

மரபிலும் அவிழ்ப்பிற்கு இடம் உண்டு. மாட்டுப் பொங்கலன்று பழைய கயிறுகளைக் கழித்து மூக்கணாங்கயிறும் தலைக்கயிறும் புதிதாக மாற்றுவர். இதனைச் சடங்கு என்று மட்டும் கருதுதல் போதாது. இற்றுப்போன கயிற்றையும் கயிறு அறுத்த புண்ணையும் ஆண்டிற்கு ஒருமுறையேனும் கண்டறியச் செய்யும் ஏற்பாடாகவும் அது விளங்குகிறது. சல்லிக்கட்டில் வாடிவாசலிலேயே மூக்கணாங்கயிறு அறுத்து விடப்படுகிறது. கட்டிய கயிறு அவிழ்தற்குரியது என்னும் எண்ணம் இவ்விரு வழக்கங்களிலும் உள்ளுறைந்து கிடக்கிறது.

முடிவுரை

இவ்வாய்வினால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. தமிழின் கயிற்றுச் சொற்கள் பிடித்தல், நிறுத்தல், தடுத்தல், வீழ்த்தல் என்னும் படிநிலையை உடையன. தேவைக்கு மிகாத கட்டு என்னும் இக்கால மருத்துவ நெறி அவற்றுள் முன்னரே அமைந்துள்ளது.

2. வாகட நூல்கள் எழுதாது விட்டதும் கல்லூரிப் பாடநூல்கள் பெயர் மாற்றி ஏற்றதும் ஒரே அறிவையே. அணைகயிறு இதற்குச் சான்று.

3. தொழுமரம், அணைகயிறு, தாமணி முதலிய சொற்கள் கால்நடை மருத்துவக் கலைச்சொற்களாக மீட்டெடுக்கத் தக்கவை. தொழு, தொழுத்து என்றாற்போலத் தமிழும் மலையாளமும் இவற்றுட் சிலவற்றைப் பகிர்ந்துகொள்கின்றன.

4. அடக்குதலின் தரத்தை அளக்கும் கோல் கட்டின் இறுக்கமன்று. வேண்டியபோது அவிழும் எளிமையே.

பொள்ளாச்சி, வாணியங்குளம் முதலிய சந்தைகளிலும் லாடம் கட்டுவோரிடத்தும் முதிய கறவையாளரிடத்தும் முடிச்சுகளும் அவற்றின் பெயர்களும் இன்னும் எஞ்சியுள்ளன. சொல்லை மட்டும் தொகுத்தால் முடிச்சு மறையும். முடிச்சை மட்டும் படமெடுத்தால் சொல் மறையும். இரண்டையும் ஒருங்கே பதிவு செய்யும் பணியைத் தமிழ், மலையாளத் துறைகளும் இரு மாநிலக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகங்களும் இணைந்து மேற்கொள்ளல் வேண்டும். அடுத்த வெள்ளத்தில் தொழுத்திற்குள் ஓடும் கை, இருளிலும் ஓரிழுப்பில் கயிற்றை அவிழ்க்கும் என்றால் அப்பணி பயன் தந்ததாகும்.